மடிப்பில் படியாத சிவப்பு

மத்திய சிறை, கடலூர்
19 ஜனவரி 2025

ரெஜினா,

மேலே 'மரியே வாழ்க' என்று போட்டு எழுதச் சொன்னாள் அம்மா. பேனாவை வைத்துப் பார்த்தேன். வரவில்லை.

உன் புருஷன் பிழைத்துக்கொண்டான் என்று வக்கீல் சொன்னார். வலது கை. மணிக்கட்டுக்கு மேலே எலும்புவரை இறங்கியிருக்கிறதாம். புதுச்சேரிக்குக் கொண்டுபோய்த் தைத்திருக்கிறார்களாம். கை இருக்கும், விரல் மடங்காதாம். அறைவதற்கு விரல் மடங்க வேண்டியதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

ஏன் செய்தேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு. பகலவன் ஜீப்பில் உன்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் மலைக்கு வண்டியைத் திருப்பினான். நீங்கள் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவனும் நானும் பேசியதில்லை. அது இருக்கட்டும். நீ துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாய். நான்தான் அவிழ்த்தேன். இரண்டு கன்னமும் கன்றிச் சிவந்து கிடந்தன.

"இன்னா இது?"

"வெயில்ணா."

"மார்கழில இன்னா வெயிலு?"

துப்பட்டாவை மறுபடி சுற்றிக்கொண்டாய். சங்கராபுரம் வரை என் வண்டியின் பின்னால் பேசாமல் உட்கார்ந்து வந்தாய். வீட்டில் அம்மா உனக்குத் தலை வாரினாள். சீப்போடு முடி கொத்தாக வந்தது. புஜம் முழுக்க நீலம். விருந்தன்று கறியை வாயில் வைத்ததும் எரிகிறது என்று துப்பினாய். உதட்டின் உள்பக்கம் புண். இத்தனையும் ஒரே உடம்பில். எனக்குக் கண் இல்லையா?

மூன்றாம் நாள் கரும்பு வெட்டும் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன்.

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க உன்னைக் கூப்பிடுவார்கள். "என்னை அடிப்பார்" என்று ஒரு வரி சொல். அது இருந்தால் ஜாமீன் வாங்கிவிடலாம், கேஸும் இளகும் என்கிறார் வக்கீல். இல்லையென்றால் கொலை முயற்சி. பத்து வருடம்.

இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். யோசித்து எழுது.

எட்வின்


மருத்துவமனை, புதுச்சேரி
2 பிப்ரவரி 2025

~~அண்ணா~~ எட்வின்,

அண்ணா என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்ததும் தெரியட்டும் என்று வேறு தாள் எடுக்கவில்லை.

பகலவன் என்னை அடிக்கவில்லை.

இந்த ஒரு வரியோடு முடித்திருக்கலாம். நீ நம்பமாட்டாய். அதனால் மிச்சம்.

நானும் இதே மருத்துவமனையில்தான் கிடக்கிறேன். அவன் கீழே, நான் மேலே. அவனுக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். கொடுக்கப் போனேன். சோதித்துப் பார்த்த நர்ஸ், "உனக்கே நாங்க ஏத்தணும் போலக்கீதும்மா" என்றாள். பிறகு ஒரு டாக்டர் வந்தார். தேவிப்ரியா. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். துப்பட்டாவை எடுக்கச் சொன்னார். கன்னத்தைப் பார்த்தார். குனிந்து என் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினார். குழி விழுந்தது. எழவில்லை.

"யூரின் நுரையா போகுதா?"

"ஆமா."

"மூட்டு வலி?"

"சாக்பீஸ் புடிக்க முடியல."

யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள் கேட்டார்கள். கடைக்காரன் கேட்டான். கோயிலில் சிஸ்டர் கேட்டார். நீ கேட்காமலே முடிவு செய்தாய். கேள்வியை மாற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்.

நோயின் பெயர் லூபஸ். உடம்புக்குள் காவலுக்கு இருப்பது, வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்து அடிப்பது. தோலை, மூட்டை, ரத்தத்தை, இப்போது கிட்னியை. கன்னத்துச் சிவப்பு அது. வாய்ப்புண் அது. முடி அது. புஜத்தில் நீ பார்த்த நீலம், ரத்தம் உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோனதால் தானாக வந்தது. பையின் வார் அழுத்தினாலே எனக்கு நீலம் கட்டும்.

ஒரு நோயைப் பார்த்துவிட்டு ஒரு மனிதனை வெட்டியிருக்கிறாய்.

மாஜிஸ்திரேட்டிடம் இதைத்தான் சொல்வேன்.

ரெஜினா


மத்திய சிறை, கடலூர்
11 பிப்ரவரி 2025

ரெஜினா,

உன் கடிதத்தைக் கொடுத்த வார்டர் சிரித்தார். "இன்னா தம்பி, கொசு கட்ச்சதுக்கா ஆள வெட்டிட்டு வந்துகினு கீற?" என்றார். பிளாக் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தன் பல் இப்போது அவனிடம் இல்லை. என் விலாவில் ஒரு எலும்பும் சரியாக இல்லை. கணக்கு நேர்.

அம்மா மனு போட்டுப் பார்க்க வந்தபோது கம்பிவலைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு அதே கதையைச் சொன்னாள். "அது பட்டாம்பூச்சி மாதிரி இருக்குமாண்டா கன்னத்துல. டாக்டரம்மாவே சொல்லிச்சாம்."

அந்தப் பெயரை வைத்தவன் அறை வாங்கியதில்லை.

அம்மாவிடமே கேட்டேன். "நீ இன்னா சொல்லுவ எங்ககிட்ட? கதவு இடிச்சிது. கொடத்துல மோதிகினேன். பாசில வழுக்கிட்டேன்." அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

உனக்கு ஞாபகம் இருக்காது, சின்னவள். அப்பா குடித்துவிட்டு வந்த மறுநாள் காலையில் நான் முதலில் பார்ப்பது அம்மா முகம். எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது, எந்தக் கையால் விழுந்திருக்கிறது, இன்று பேசலாமா கூடாதா. பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றும் படிக்கவில்லை என்று அப்பா திட்டுவார். அம்மா முகத்தைப் படித்தேன். அந்த ஒரு பாடத்தில் நான் தவறியதே இல்லை.

அதனால் எனக்கு வெயில் என்று சொல்லாதே. வெயில் என்பது உன் கதவு.

அவன் அம்மா பச்சையம்மாள் சொல்லிக்கொடுத்து எழுதுகிறாயா? வக்கீல் மறுபடி ஜாமீன் மனு போடப்போகிறார். உன் ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கிறார். நோய் என்றால் நோயாகவே இருக்கட்டும். கூடவே அடியும் இருந்தது என்று சொன்னால் உன் டாக்டருக்கு என்ன நஷ்டம்?

எட்வின்


மருத்துவமனை, புதுச்சேரி
27 பிப்ரவரி 2025

எட்வின்,

டாக்டருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

தேவிப்ரியா ஆராய்ச்சி செய்கிறார். லூபஸ் வந்த பெண்கள் நோய் இன்னதென்று தெரிந்துகொள்ள ஏன் இவ்வளவு காலம் ஆகிறது, அதற்குள் அவர்களுக்கு என்னவெல்லாம் பெயர் வைத்தார்கள் என்று. ஒருத்திக்கு டி.பி. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தியைத் தொழுநோய் என்று தனித் தட்டில் சாப்பிட வைத்திருக்கிறார்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், வேலை செய்யாமலிருக்க நடிக்கிறாள் என்று மாமியார் காலில் சூடு போட்டிருக்கிறார். தழும்பைக் காட்டினாள்.

இந்த நோயை ஒரே சோதனையில் பிடிக்க முடியாதாம். ஒவ்வொரு அறிகுறிக்கும் புள்ளி. கூட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் கூட்டுவதற்கு முன் ஒரு விதி. ஓர் அறிகுறிக்கு இந்த நோயைவிடப் பொருத்தமான வேறு காரணம் இருந்தால், அதற்குப் புள்ளி கிடையாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் கேட்கிறார். "இதுக்கு வேற காரணம் ஏதாவது இருக்கா? நல்லா யோசிச்சு சொல்லுங்க." முடிக்கு. புண்ணுக்கு. நீலத்துக்கு. நான் இல்லை, இல்லை, இல்லை என்றேன்.

நீ ஒரு காரணம் பார்த்ததும் கூட்டி முடித்துவிட்டாய். அவர் காரணங்களைக் கழித்துக்கொண்டு வருகிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

படிக்கத் தெரியும் என்றாயே, இதையும் படித்துக்கொள். கண்ணாடியில் பார்த்து நானே கற்றது. சிரித்தால் மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடி வரை ஒரு மடிப்பு விழுமே, இந்தச் சிவப்பு அந்த மடிப்பில் படியாது. வெயில் படாத இடம் என்பதால் என்கிறார்கள். மூக்கின் மேல் ஏறி இரு கன்னத்திலும் இறங்கும், மடிப்பை விட்டுவிடும். அங்கே மட்டும் சொந்த நிறம். கைக்கு அந்த நாகரிகம் கிடையாது. மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காது. மடிப்பையும் சேர்த்துத்தான் விழும்.

கிட்னியில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். குப்புறப் படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, ஒரு சத்தம். ஸ்டேப்ளர் அடிப்பது போல. சிறுநீர் இரண்டு வேளை ரத்தமாகப் போனது. கிட்னி பாதி எரிந்த வீடு. மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார். ஸ்டீராய்டைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இப்போது மாத்திரை. தூக்கம் போய்விட்டது. முகம் ஊதி எனக்கே தெரியாத ஒருத்தி ஆகிவிட்டேன்.

கோபம் வருகிறது. அது எனக்கு வரும் கோபம் இல்லை, வாடகைக்கு வந்த கோபம். கஞ்சி ஆறிவிட்டது என்று டம்ளரை ஆயாம்மா மேல் வீசினேன். அவள் நெற்றி பிளந்தது. "மருந்து பண்ற வேலம்மா, நீ அழுவாத" என்று அவளே சொன்னாள். ரத்தம் புருவத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. என் கையைப் பார்த்தேன். நம் வீட்டுக் கை.

அன்று உன்னை எப்படியெல்லாம் கொல்லலாம் என்று விடிய விடிய யோசித்தேன். கத்தி வைத்து யோசிக்கவில்லை. கல்.

தேவிப்ரியாவின் ஆராய்ச்சிக் கேள்வித்தாளில் கடைசிக் கேள்வி: மருத்துவமனைக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்?

"என் அண்ணன் என் புருஷனை வெட்டினதால."

அந்தப் பதிலுக்கு அவரிடம் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டார். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் கிட்னி மிஞ்சியிருக்காது என்றும் சொன்னார்.

ரெஜினா


மத்திய சிறை, கடலூர்
10 மார்ச் 2025

ரெஜி,

நான்கு தடவை படித்தேன். முதல் மூன்று தடவை பொய் எங்கே என்று தேடினேன்.

காவலுக்கு இருப்பவன் வீட்டுக்காரரையே அடிப்பது என்று எழுதினாய் அல்லவா. உன் உடம்புக்குள் ஓர் எட்வின் இருக்கிறான் என்று நேராகவே எழுதியிருக்கலாம். அவனை மருந்து ஏற்றி அடக்குகிறார்கள். என்னை இங்கே அடைத்திருக்கிறார்கள். இரண்டும் வைத்தியம்தான்.

அன்று நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. போலீஸில் சொன்னது பாதி.

வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டில் பகலவன் வண்டிக் கூரையில் மூட்டையைக் கட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். "வாங்க மச்சான்" என்றான். இரண்டு வருடத்தில் முதல் தடவை. அந்தச் சிரிப்பு எனக்கு அப்பா சிரிப்பாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல இட்லி வாங்கிக்கொண்டு வருவாரே, அந்தச் சிரிப்பு.

சாக்கை உருவினேன். "எந்தக் கையால அடிச்ச?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். அவன் வலது கையைத் தூக்கினான். இந்தக் கை என்று காட்டுகிறான் என்றே நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இறக்கினேன். கரும்பில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பாதியில் நின்றது. எலும்பு. பிடுங்குவதற்கு அவன் மார்பில் காலை வைத்து மிதிக்க வேண்டியிருந்தது. அப்போதும் அவன் என்னைத் திட்டவில்லை. "இன்னாத்துக்கு மச்சான்" என்றான். "இன்னாத்துக்கு" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான். மூட்டை ஏற்றும்போது கீழே சிந்தியிருந்த சாமை ரத்தத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. உன் கடிதம் வந்த பிறகு இல்லை.

ஒன்று மட்டும். கோபப்படாதே. நான் வெட்டியிருக்காவிட்டால் நீ அங்கே போயிருக்கமாட்டாய். உன் டாக்டரே சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் வெட்டு வீண் போகவில்லை. ராத்திரியில் இதைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடுகிறேன்.

ஜாமீன் வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப்போகிறேன். நீ எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம்.

எட்வின்


மருத்துவமனை, புதுச்சேரி
24 மார்ச் 2025

எட்வின்,

வெட்டு வீண் போகவில்லை என்று இன்னொரு தடவை எழுதினால், இந்தக் கடிதப் போக்குவரத்து அத்தோடு முடிந்தது.

என் உயிரை உன் கத்தியின் கணக்கில் எழுதாதே. அந்தக் கை கீழே இருக்கிறது. நான்தான் அவனுக்குச் சோறு ஊட்டுகிறேன். விரல்கள் ஐந்தும் பாதி விரிந்து நிற்கின்றன, எதையோ வாங்கிக்கொள்ள நீட்டியது போல. பச்சையம்மாள் அத்தை கட்டில் காலடியில் உட்கார்ந்துகொண்டு என் ஊதிய முகத்தைப் பார்த்து, "என் புள்ள சோறு அள்ள முடியாம கெடக்கறான், இவ நல்லா தின்னு உப்பிகினு கீறா" என்கிறாள். மருந்து என்றால் புரியவில்லை. ஸ்பூனை அவள் கண்ணில் செருகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மேலே வந்தேன்.

எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது.

மாஜிஸ்திரேட் முன் மே மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நடக்கும் அளவுக்குத் தேறிவிடுவேன் என்கிறார் தேவிப்ரியா.

இன்னொன்று எழுத நினைத்தேன்.

எழுதவில்லை.

ரெஜினா


மத்திய சிறை, கடலூர்
21 ஏப்ரல் 2025

ரெஜி,

நேற்று ஈஸ்டர். பூசைக்கு ஃபாதர் வந்திருந்தார். வரிசையில் தள்ளுமுள்ளு. ஒருத்தன் என்னை அறைந்தான். திருப்பி அடிக்கவில்லை, முதல் தடவையாக. நிஜமாகவே கை எழவில்லை.

சாப்பாட்டுத் தட்டைத் துடைத்து முகத்தைப் பார்த்தேன். வீங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான். சிவப்பு கன்னத்திலிருந்து மூக்குவரை ஒரே பட்டை. உன் மடிப்பு ஞாபகம் வந்தது. தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மடிப்பிலும் சிவப்பு. நீ எழுதியது சரி. கை எதையும் விட்டுவைப்பதில்லை.

பிறகு கச்சிராயபாளையம் ஞாபகம் வந்தது. துப்பட்டாவை அவிழ்த்தது நான். ஒரு சாண் தூரத்தில் பார்த்தவன் நான். இடது பக்கம் மடிப்பு உன் நிறத்தில்தான் இருந்தது. கோடு போட்டது போல.

வலது பக்கம் இல்லை. வலது பக்கம் மடிப்பைத் தாண்டி உதடுவரை சிவப்பு.

ஒன்றரை மாதமாக நான் தப்பாகப் படித்தேன் என்று நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தையாவது சரியாகப் படித்தேனா?

கேஸுக்காகக் கேட்கவில்லை. ஒத்துக்கொள்ளும் முடிவில் மாற்றமில்லை. ஆமாம் அல்லது இல்லை. அது போதும்.

உன் அண்ணன்


கள்ளக்குறிச்சி
14 மே 2025

அண்ணா,

ஆமாம்.

நேற்று மாஜிஸ்திரேட் முன் சொல்லியாகிவிட்டது. இனி இதை வார்டர் படித்தாலும் சரி, வழியில் யார் பிரித்தாலும் சரி.

முதலில் சொன்னது தேவிப்ரியாவிடம். சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கன்னத்தில் சிவப்பு எப்போதிருந்து என்று தெரிய வேண்டும், பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கிறிஸ்துமஸ் அன்று குடிலுக்கு முன்னால் அம்மாவையும் என்னையும் நிற்கவைத்து நீ எடுத்தாயே, அதைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கினார். இடது கன்னத்தைப் பார்த்துத் தலையசைத்தார். வலது கன்னத்துக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"எடது பக்கம் என்னோட நோய். இந்தப் பக்கம் என்னோடது இல்ல, ரெஜினா."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இதுக்கு வேற காரணம் இருக்கா?"

இத்தனை நாள் இல்லை என்று சொன்ன வாய். அன்று திறக்கவே இல்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடி பார்ப்பது போல. நாடி பார்க்கவில்லை.

நடந்தது இது. அன்று காலை மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். அவன் ஓட்டுகிறான், பக்கத்தில் நான். பின்னால் ஆட்கள், மூட்டைகள், காலைக் கட்டிய ஒரு சேவல். வளைவில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. உனக்கு மார்கழி வெயில் வெயிலே இல்லை. எனக்கு அது கொதிக்கிற எண்ணெய்.

"கொஞ்சம் நெழல்ல நிறுத்துங்க. மூஞ்சி எரியுது."

"எறக்கத்துல எங்க நிறுத்தறது?"

"முடியலங்க."

அவன் கையைப் பிடித்தேன். வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பின்னால் ஒருத்தர் கத்தினார்.

"நடிக்காத."

புறங்கை வந்தது. வலது கன்னத்தில். வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டது. சேவல் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அடுத்த வளைவில் அவன் சொன்னான், "துப்பட்டாவ சுத்திக்க. கீழ ஒங்கண்ணன் நிப்பான்."

அவ்வளவுதான். ஒன்று. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேறொருத்தி முகமாக இருந்தால் நீ பார்ப்பதற்குள் மறைந்திருக்கும். தட்டணுக்கள் குறைந்த என் தோல் அதை நாள் கணக்கில் வைத்துக்கொண்டது. ஓர் அறையை என் ரத்தம் பத்தாகக் காட்டியது.

உன்னிடம் வெயில் என்று சொன்னது, ஓர் அறைக்கு நீ கத்தி எடுப்பாய் என்று பயந்து. நீ எடுத்துவிட்டாய். அதன் பிறகு மறைத்தது, ஓர் அறையைச் சொன்னால் அந்த வெட்டுக்கு நியாயம் வந்துவிடும் என்று. நோய்க்குப் பின்னால் அவனை ஒளித்துவைத்தேன். நோய் பெரியது, இடம் இருந்தது.

மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார், "அடிப்பாரா?"

"அடிச்சாரு. ஒரு தடவ."

"இந்த நீலம், புண்ணு, முடி கொட்டினதெல்லாம்?"

"நோய்."

"அப்ப உங்க அண்ணன் செஞ்சது சரின்னு சொல்றீங்களா?"

"இல்லங்க. ஒரு அறைக்கு அது வெல இல்ல. அந்த அறையும் இல்லன்னு ஆயிடாது."

வெளியே வந்ததும் நம் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரே ஒரு அறைய வெச்சிகினு நான் இன்னாம்மா பண்றது? ஒண்ணு, நாலு தடவன்னு சொல்லு, இல்ல ஒண்ணுமே இல்லன்னு சொல்லு." பச்சையம்மாள் அத்தை படியிலேயே என் மேல் துப்பினாள். "ஒரு அறைக்கு ஊர கூட்டிட்டா." துப்பல் கன்னத்தில் விழுந்தது. துடைக்க அம்மா ஓடிவந்தாள். நானே துடைத்தேன்.

பகலவன் வேப்பமரத்தடியில் வலது கை தோள்கட்டில் தொங்க நின்றிருந்தான். "ஒரு தடவ தான ரெஜினா?" என்று கேட்டான். கெட்டவன் இல்லை, அண்ணா. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். என் கண்ணருகே ஓர் ஈ. அதை விரட்டக் கையைத் தூக்கினான். என் முகம் தானாகத் திரும்பி, தோள் காதுவரை ஏறிவிட்டது. அவன் கை அப்படியே நின்றது. ஈயும் போகவில்லை.

அப்போதுதான் முடிவு செய்தேன். அவனோடு திரும்பிப் போகவில்லை. அம்மா வீட்டுக்கும் இல்லை. ஜூனில் வெள்ளிமலைப் பள்ளிக்கூடம் திறக்கும்போது பள்ளிக்குப் பக்கத்திலேயே தங்கிக்கொள்கிறேன். காலை பிரேயருக்கு மைதானத்து வெயிலில் நிற்க வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை புதுச்சேரி. சிறுநீரில் புரதம் குறைந்திருக்கிறது. மாத்திரையும் குறைகிறது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் திரும்பி வருகிறது. மலைக்குப் பஸ்ஸில்தான் போவேன். ஜீப் ஏறமாட்டேன்.

நீ ஒரு பக்கம் சரியாகப் படித்தாய். அதைத் தெரிந்துகொண்டு தூங்கு என்று இத்தோடு முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இனி எதையும் மறைத்து எழுதுவதாக இல்லை.

ஜீப் ஸ்டாண்டில் நீ கேட்டது சரியான கேள்வி. பதில் வரும்வரை நீ நிற்கவில்லை. அவன் வலது கையைத் தூக்கியது கத்தியைத் தடுக்க. எந்தக் கையென்று காட்டுவதற்கு அல்ல. வலது கை ஸ்டீயரிங்கில் இருந்தது, அண்ணா. இறக்கத்தில் அதை எடுக்க முடியாது.

என் மேல் விழுந்தது கியர் போடுகிற கை. இடது.

அந்தக் கை இப்போதும் நன்றாக மடங்குகிறது.

ரெஜினா